உள்ளறை பற்றிய கேள்வி

மாட்டுங்காவில் வெறும் ஜகந்நாதன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. காய்கறிக் கடையிலும் கோவில் வாசலிலும் கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்திலும் அவர் 'பார்லிமெண்ட்' ஜகந்நாதன். இத்தனைக்கும் டில்லியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஸ்டெனோ. வயது நாற்பத்து நான்கு. சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. ஆனால் டில்லியில் ஏதோ ஒரு மந்திரி பதில் சொல்லத் திணறினார் என்று காலைப் பேப்பரில் வந்தால், அந்தத் திணறலில் ஜகந்நாதனுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கும். அவர் மனைவி வாலாம்பாள், "அந்தப் பங்கைக் காட்டினா ரேஷன் கடைல முன்னாடி விடுவாளா?" என்று கேட்பாள். அவர் பேப்பரை மடித்து வைத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். தாதரில் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் ஆபீஸ் இருந்தது. மராட்டிய வக்கீல். எல்லோருக்கும் அவர் 'மெம்பர்'. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். தமிழ்க்காரர்கள் வந்தால் ஜகந்நாதனின் மேஜைக்கு அனுப்புவார்கள். அவர் கேட்டு, ஷார்ட்ஹேண்டில் குறித்து, அதில் பார்லிமெண்டுக்கு ஏற்றது இருந்தால் கேள்வியாக இங்கிலீஷில் டைப் அடிப்பார். மெம்பர் கையெழுத்துப் போட்டு டில்லிக்கு அனுப்புவார். சம்பளம் கிடையாது. கேட்டால் தேச சேவை என்பார் ஜகந்நாதன். எனக்கென்னவோ அது பாதிதான் தேச சேவை. மீதி, தான் எழுதிய வாக்கியத்துக்கு ஒரு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற குஷி.

பார்லிமெண்டில் கேள்வி கேட்பது ஏதோ சந்தைக் கடையில் விலை கேட்பது போல என்று நினைக்கக் கூடாது. 'இன்னது உண்மையா?' என்று ஆரம்பிக்க வேண்டும். (அ), (ஆ), (இ) என்று பிரிவு பிரிவாகப் போக வேண்டும். ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், மந்திரி நழுவிவிடுவார். 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்பார். அல்லது (அ)வுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மீதிக்கெல்லாம் 'எழவில்லை', அதாவது அந்தக் கேள்விக்கே இடமில்லை, என்று உட்கார்ந்துவிடுவார். உணவுக் கொள்கை, கப்பல் கோதுமையை நம்பியே நாடு ஓடுவது, ஒரு மாநிலத்து அரிசி அடுத்த மாநிலத்துக்குப் போகக் கூடாது என்கிற தடை, இப்படிப் பெரிய பெரிய பேச்செல்லாம் மெம்பருடையது. ஓட்டை அடைப்பது ஜகந்நாதனுடையது. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று மெம்பரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஜூலை மாதம், நல்ல மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியிலிருந்து மாசானம் வந்தான். முப்பது வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் செய்தித்தாள் பொட்டலம். மேஜை மேல் அதைப் பிரித்து வைத்தான். உள்ளே ஒரு கைப்பிடி கோதுமை. ஒவ்வொரு மணியிலிருந்தும் விரல் நீளத்துக்கு முளை விட்டிருந்தது. வெயிலே படாத முளை. பச்சை கிடையாது, செத்தவன் நகம் மாதிரி ஒரு வெளுப்பு.

"ஐயா, துறைமுகத்துப் பக்கம் சர்க்கார் குடோன்ல மருந்துப் புகை போடுத ஆளு நான். காண்ட்ராக்ட் கூலிதான்," என்றான். "உள்ளறையில கூரை ஒழுகுது. மூட்ட பூராவும் நனஞ்சு, சாக்கத் துளைச்சுக்கிட்டு மொளச்சு நிக்கி. ஆபீசர்மாரு வந்தா முன்னால உள்ள நல்ல மூட்டையக் காட்டி அனுப்பிருதாவ. உள்ளறையத் தெறக்கவே மாட்டாவ."

"நீ எப்படிப் பார்த்தே?"

"பூச்சிக்கு மருந்து வைக்க நான் போவேன்லா. அந்த அறைக்குள்ள போறது நான் ஒருத்தன்தான். மருந்து வச்சு, கதவைச் சாத்தி, சந்துல களிமண் பூசிருவோம். அஞ்சு நாளு கழிச்சுத் தெறந்து, ஒரு நா பூரா காத்தாட விட்டுத்தான் உள்ள காலு வைக்கணும். இல்லன்னா ஆளையே கொன்னுரும்." அவன் முளைகளை விரலால் தள்ளினான். "எங்க வீட்டுக்காரி ரேசன் கடையில நாலு மணி நேரம் நின்னா, புழுத்த சோளம் போடுதான். இங்க பாத்தா இப்படி. மனசு கேக்கல ஐயா."

ஜகந்நாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு விஷயம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

"ஒண்ணே ஒண்ணு ஐயா. எம் பேரு மட்டும் வெளிய வந்திரப்படாது. பொறந்து நாலு மாசத்துப் பொம்பளப் புள்ள இருக்கு."

"பேரே வராது. பார்லிமெண்ட் கேள்வில அதெல்லாம் எழுதப்படாது. நீ நிம்மதியா போ," என்றார் ஜகந்நாதன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவன் போனதும் மிஷினில் காகிதம் செருகினார். (அ) துறைமுகத்தருகே உள்ள அரசாங்கக் கிடங்கில் வெளிநாட்டுக் கோதுமை மழையில் நனைந்து முளைத்துக் கிடக்கிறது என்பது உண்மையா? (ஆ) ஆம் எனில், அதற்குக் காரணம் என்ன? படித்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. கிடங்கைப் பரிசோதித்தோம், கோதுமை நன்றாக இருக்கிறது என்று மந்திரி சொல்லிவிடுவார். முன்னால் இருப்பது நல்ல கோதுமைதானே? கிராம்பை மென்றபடி யோசித்து, (இ) பிரிவை அடித்தார்: கெட்டுப்போன மூட்டைகள், பூச்சி மருந்துப் புகை போடுவதற்கு மட்டுமே திறக்கப்படும் உள்ளறையில் வைக்கப்பட்டு, பரிசோதனைக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்டப்படுவதில்லை என்பதும் உண்மையா?

அந்த அறைக்குள் போகிறவன் ஒருவன்தான் என்பது அவர் மேஜையிலேயே, அவர் கையெழுத்திலேயே, ஷார்ட்ஹேண்டில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடித்தார். கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டது ஓட்டை மட்டும்தான். மெம்பர் படித்துவிட்டு, "ஜகந்நாதன், இதில் எலி கூடத் தப்பாது," என்று முதுகில் தட்டினார். அன்று மதியம் ஜகந்நாதன் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை வாலாம்பாள் கவனித்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாசானம் மறுபடி வந்தான். வரிசையில் நிற்காமல் நேராக மேஜைக்கு வந்தான்.

"டில்லிலேருந்து தந்தி வந்திருக்காம் ஐயா. உள்ளறையில என்ன இருக்குன்னு கேட்டிருக்காவளாம். ஆபீசு பூரா அமளி. பரிசோதனைக்கு டில்லி ஆபீசர் வாராராம். நேத்து முக்காதம் என்னக் கூப்பிட்டு, 'உள்ள போறவன் நீ ஒருத்தன்தானலே'ன்னு கேக்கான்." முக்காதம் என்றால் கூலிகளை மேய்க்கிற தலைவன். மாசானம் குரலைத் தாழ்த்தினான். "உள்ளறைன்னு நீங்க எழுதுனியளா ஐயா?"

டைப் அடித்த நகல் மேஜை இழுப்பறையில், ஜகந்நாதனின் வயிற்றுக்கு நேரே இருந்தது.

"இல்லையே," என்றார். "கிடங்குன்னு பொதுவாத்தான் எழுதினேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிற்பாடு அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. அடுத்த ஆளுக்குப் பயந்து சொன்ன பொய் இல்லை. அத்தனை கெட்டிக்காரத்தனமாக எழுதிய ஒரு வாக்கியம் தப்பாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள அந்தக் கணத்தில் நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான். இவ்வளவு அற்பமான காரணம்.

மாசானம் அப்படியே நம்பினான். படித்தவர் சொல்கிறார் அல்லவா. "அப்பம் எம் மச்சான்தான்," என்றான். "பூதத்தான். எங்க வீட்டுக்காரிக்குக் கூடப் பொறந்த அண்ணன். அதே குடோன்லதான் மூட்ட தூக்குதான். அவங்கிட்ட மட்டுந்தான் ஐயா நான் வாயத் தொறந்தேன். தண்ணியப் போட்டுட்டு எங்கயோ உளறியிருக்கான், பாவி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜகந்நாதன் சொன்னது வேறு. "பயப்படாதேப்பா. கேள்வியை டில்லில ஏத்துண்டாச்சு. இனிமே உன் மேல ஒருத்தன் கை வைக்க முடியாது." மாசானம் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாசானம் செத்துப்போனான். வேறு ஏதோ மனு எழுத வந்த தாராவிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். டில்லி அதிகாரி வருவதற்குள் உள்ளறையைக் காலி செய்தாக வேண்டும். மருந்து வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. களிமண்ணை உடைத்துக் கதவைத் திற, உள்ளே போய் மூட்டைகளை உருட்டித் தள்ளு என்று அவனைத்தான் சொன்னார்கள். அவன் வேலை அது. தவிர, வாயைத் திறந்தவன் அவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் மறுநாள்தான் உள்ளே போக முடிந்தது.

மூட்டைகளை அந்த மறுநாள் சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதிகாரி வந்து பார்த்தபோது உள்ளறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அதே மாதம் பார்லிமெண்டில் பதில் வந்தது. (அ) இல்லை. (ஆ) எழவில்லை. (இ) எழவில்லை. மெம்பர் எழுந்து சத்தம் போட்டார். அதற்குள் அடுத்த கேள்வியை அழைத்துவிட்டார்கள். செப்டம்பரில் யுத்தம் வந்தது. பிறகு யாருக்குக் கோதுமை ஞாபகம்?

ஜகந்நாதனுக்கு இருந்தது. மெம்பரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மெம்பர் கெட்டவர் இல்லை; கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நாம் எழுதியது பொய்யா? இல்லையே. அவனைக் கொன்றது அவர்கள். நீ அல்ல," என்றார். வாதம் சரிதான். வக்கீல் வாதம். ஜகந்நாதன் அதைப் பத்து நாள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை.

மாசானம் செத்த பதினாறாம் நாள் அவர் தாராவிக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். தோல் காயப்போட்ட சந்துக்குள் இரண்டு திருப்பம் தாண்டி, ஒரே அறையுள்ள வீடு. வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டது. கறுத்து நெடுத்த ஒரு ஆள், கையில் தாம்பாளமும் அதில் ஒரு கோடிச் சேலையுமாக, வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தான். அதுதான் பூதத்தான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து முதல் கோடி வர வேண்டும், உடன்பிறந்தவன் கொண்டுவர வேண்டும். அதை வாங்கமாட்டேன் என்று உள்ளே இருந்து மாசானத்தின் மனைவி ஆறுமுகத்தாய் கத்திக்கொண்டிருந்தாள். மச்சான் மேல் இருந்த சந்தேகத்தை மாசானம் அவளிடமும் சொல்லியிருந்தான்.

"எம் புருசனக் காட்டிக் குடுத்த கையால எனக்குக் கோடியா? போகச் சொல்லுங்க அவன! இனிமே இந்த வாசப்படி மிதிச்சான்னா நான் தூக்குல தொங்கிருவேன்!"

பூதத்தான், "நான் சொல்லல தாயி, நான் சொல்லல," என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு தாம்பாளத்தோடு திரும்பி நடந்தான். ஜகந்நாதனைத் தாண்டித்தான் போனான். அவன் சட்டை அவர் கையில் உரசியது.

அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில், வாயைத் திறக்க ஜகந்நாதனுக்குத் தைரியம் வரவில்லை. யாரோ அவரை உள்ளே கூட்டிப் போய், "மெம்பர் ஆபீசு ஐயா வந்திருக்காவ," என்றார்கள். அவள் குழந்தையை அவர் காலடியில் கிடத்தி அழுதாள். "எங்க வீட்டுக்காரரு உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு. நீங்க ஒருத்தராவது வந்தியளே ஐயா," என்றாள்.

அடுத்த மாதமும் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடத்தான் போனார் என்று நான் சொன்னால் நம்ப வேண்டும். ரயிலில் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு போவார். அவள் எழுந்து பம்ப் அடுப்பை மூட்டுவாள். மாட்டுங்கா ஐயர் எங்கள் வீட்டில் கை நனைக்கிறார் என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. அவருக்கென்றே ஒரு டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பாள். காப்பி வந்துவிடும். குடித்த பிறகு எதைச் சொல்வது? குழந்தை பேச்சியம்மா தவழ ஆரம்பித்தாள், எழுந்து நிற்க ஆரம்பித்தாள், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது சந்து முனையில் சில நாள் பூதத்தான் நிற்பான். எதிரே வருகிறவர்கள் அவனோடு பேசாமல் போவதை ஜகந்நாதன் பார்த்திருக்கிறார். முதலில் அவன் தலை நிமிர்ந்துதான் நின்றான். மழை கழிந்து குளிர் வந்தபோது சுவரைப் பார்த்து நின்றான்.

மாட்டுங்கா வீட்டில் அவருக்கு என்னென்னவோ ஆயிற்று. அந்த வருஷம் அரிசி இல்லாமல் ஊரே சப்பாத்தி தின்றது. அவர் மட்டும் கோதுமையைத் தொட மாட்டேன் என்றார். வாலாம்பாள் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பட்டப்பகலில், ஆபீஸில், மானேஜர் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூக்கில் ஒரு வாடை வரும்: நனைந்த சாக்கு, அதற்கு மேல் பூண்டு மாதிரி ஏதோ ஒன்று. அந்த மருந்தை அவர் ஒருநாளும் முகர்ந்தவர் இல்லை. டைப் மிஷினில் ஒரு வரி முடிந்து மணி அடித்து, அடுத்த வரி தொடங்குவதற்குள் ஒரு சின்ன மௌனம் உண்டே, அதில் பக்கத்திலேயே கேட்கும்: "உள்ளறைன்னு நீங்க எழுதுனியளா ஐயா?" திரும்பிப் பார்க்க மாட்டார். பார்த்தால் துண்டும் பொட்டலமுமாக நிற்பான் என்று அவருக்கு நிச்சயம். தாதரில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் எத்தனை பேர் என்று மெம்பர் கேட்டால், பதினொரு பேர் உட்கார்ந்திருக்க இவர் பன்னிரண்டு என்பார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனபின் மெம்பர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆறுமுகத்தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம் புருசன் எப்படிச் செத்தாரு, யாரு காட்டிக் குடுத்தான்னு அந்த டில்லி மந்திரிகிட்ட கேட்டுச் சொல்லுங்க ஐயா. சர்க்காருக்குத் தெரியாம இருக்குமா?" ஜகந்நாதன் கேள்வி தயாரித்தார். (அ) இறந்தது உண்மையா, (ஆ) எந்தச் சூழ்நிலையில், (இ) பொறுப்பானவர்கள் மேல் என்ன நடவடிக்கை. பிறகு ஒரு (ஈ) சேர்த்தார்: முந்தைய கேள்வியின் வாசகத்திலிருந்தே தகவல் கொடுத்தவர் யாரென்று கிடங்கு அதிகாரிகள் அறிந்துகொண்டனர் என்பது உண்மையா? மெம்பர் அதைச் சிவப்பு மசியால் அடித்தார். "இது மந்திரியைக் கேட்கிற கேள்வி அல்ல. சபை இதற்கு இடமில்லை," என்றார். விதிப்படி அதுவும் சரி.

குளிர்காலக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை. பட்ஜெட் கூட்டத்தில் 'தகவல் சேகரிக்கப்படுகிறது' என்றார்கள். ஒரு சாவைப் பற்றிய தகவலைச் சேகரிக்க அந்த மகராசர்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. அறுபத்தாறு ஆகஸ்டில்தான், மாசானத்துக்கு வருஷம் திரும்பிய பிறகு, எழுத்தில் பதில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஜகந்நாதன் அதை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனார்.

ஆறுமுகத்தாய் அடுப்பை மூட்டப் போனவள், கையில் காகிதத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "படிங்க," என்றாள்.

அவர் தமிழில் சொன்னார். "(அ) ஆம். தற்காலிகத் தொழிலாளி ஒருவர் இறந்தார். (ஆ) உத்தரவு இல்லாமல், தம்முடைய சொந்த அஜாக்கிரதையால், புகை போட்ட அறைக்குள் நுழைந்ததால். (இ) எழவில்லை."

"அஜாக்கிரதையா? அவருக்கா?" அவள் சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "வீட்டுக்கு வந்தா மூணு வாட்டி கை கழுவாம புள்ளயத் தொட மாட்டாரு." பிறகு, "யாரு காட்டிக் குடுத்தான்னு போடலியா?"

"போடலை."

"போட மாட்டாவ. எனக்குத் தெரிஞ்சதுதான." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போகட்டும். வருசம் திரும்பிட்டுல்லா. அடுத்த வாரம் புள்ளைக்குக் காது குத்தணும் ஐயா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். எங்க அண்ணன் வாடையே இங்க ஆகாது. நீங்கதான் இந்த ஒரு வருசமும் எங்களுக்கு எல்லாம். மறுக்கப்படாது. புள்ளய உங்க மடியில வச்சுக் குத்திருவோம்."

குழந்தை அதைக் கேட்டது போல அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. ஜகந்நாதன் அதன் கையை எடுத்து விலக்கினார். கொஞ்சம் வேகமாகவே விலக்கிவிட்டார். குழந்தை தடுமாறி உட்கார்ந்தது.

"உங்க அண்ணன் இல்லம்மா," என்றார். "உள்ளறைன்னு எழுதினது நான். மருந்து போட மட்டும் திறக்கிற அறைன்னு எழுதினேன். அதைப் படிச்சுத்தான் அவாளுக்குத் தெரிஞ்சுது. மாசானம் என்னை வந்து கேட்டான். நான் எழுதலைன்னு பொய் சொன்னேன். அதனாலதான் அவன் உங்க அண்ணனைச் சந்தேகப்பட்டான்." இத்தனை நாள் ரயிலில் அடுக்கிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவுதான் வந்தது.

ஆறுமுகத்தாய் கத்துவாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வருசமா எங்க அண்ணன் இந்த வாசப்படி ஏறல," என்றாள் கடைசியில். "நீங்க ஏறுனிய. மாசா மாசம் ஏறி, காப்பி குடிச்சிய."



அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "எந்திரிங்க. எங்கிட்ட சொன்னத அவன் முன்னால வந்து சொல்லுங்க."

சந்தில் அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் போனார். ஒரு வருஷமாக அவள் போகாத பக்கம் அவள் போவதைப் பார்த்து, கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். பூதத்தானின் அறை கோடியில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தான். குடோன் வேலையை விட்டு மாதக் கணக்காகியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் பீடியிலைத் தட்டை அப்படியே கீழே வைத்தான். எழுந்திருக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ஆறுமுகத்தாய் ஜகந்நாதனைப் பார்த்து முகத்தை அசைத்தாள்.

அவர் நின்றபடியே மறுபடி சொன்னார். எழுதியதைச் சொன்னார், மாசானம் கேட்டதைச் சொன்னார், பொய் சொன்னதைச் சொன்னார். வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். பூதத்தான் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வரும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடத் தெரியாத பிள்ளை போல விழித்தான்.

"நான் சொல்லலியா?" என்றான்.

"இல்லை," என்றார் ஜகந்நாதன்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் போதையில எங்கயோ சொல்லியிருக்கேன்னு நானே நெனச்சிட்டேன். எந்தக் கடையில, யாருகிட்ட சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சு, ஒரு ஆளு மொகமே ஞாபகம் வந்துட்டு ஐயா எனக்கு." அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நெசமாவே நான் சொல்லலியா?"

"இல்லை. நீ சொல்லலை."

பூதத்தான் தங்கையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், மறுபடி ஜகந்நாதனிடமே திரும்பினான். திரும்பவும் அதையே கேட்டான். அன்று அவன் எத்தனை தடவை கேட்டான் என்று யாரும் எண்ணவில்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் ஜகந்நாதன் இல்லை என்று பதில் சொன்னார்.